குழிப்பங்கு

அந்த ஆளும் தறிக்குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பாய்த் திரைக்கு இந்தப் பக்கம் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அலிமா பீவி ராட்டையை நிறுத்தியிருந்தாள். ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழுந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை, மேலப்பாளையத்தில் ஒரு தறியும் ஓடாத நாள். அகமது மீரான் செய்த தப்பு அது ஒன்றுதான். முன்பு வந்தவர்களையெல்லாம் தறிச் சத்தம் காதை அடைக்கிற நேரமாகப் பார்த்து அழைத்து வந்தவர், இந்த வீரவநல்லூர்க்காரனை மட்டும் வெள்ளிக்கிழமை உள்ளே விட்டார்.

"நல்ல குழிதான்வே. இல்லைங்கல. ஆனா நூகு இதுலதான் சாஞ்சான். பேதின்னு சொல்லுதாவ. பேதி கண்டவன் காலு அப்படியா நீலமாப் போகும்? அடியில என்னமோ கெடக்கு. நாம ஒரு மிதி மிதிச்சா அது ஒரு மிதி மிதிக்கும். பிள்ளைகுட்டிக்காரரு நீரு, மனசுல வச்சுக்கிடும்," என்று அவனிடம் சொல்லியிருந்தார் அகமது மீரான்.

"அல்லாவே! இத முதல்லயே சொல்லக்கூடாதா காக்கா?"

"புருசன் போன பிள்ளையோட காரியம். வாய்விட்டுச் சொல்ல முடியுமாவே?"

செருப்பு மாட்டுகிற சத்தம். தெருக்கதவு திறந்து சாத்துகிற சத்தம். பிறகு அகமது மீரான் திரைக்கு வெளியே வந்து நின்று கனைத்தார்.

"தங்கச்சி, இவனும் வேண்டாம்னுட்டான்."

"ஏன் காக்கா?"

"காலு நீளமாம். குழி ஆழம் பத்தாதாம். இவன் என்ன தறி போடப் போறானா, கெணறு வெட்டப் போறானா? விடு. வேற ஆளு பாக்குதேன்."

"உங்களுக்குத்தான் எம்புட்டு அலைச்சல்," என்றாள் அலிமா. அவள் குரல் நடுங்கவில்லை. கையிலிருந்த நூல்தான் அறுந்தது.

ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய வருஷம் அது. வீடு டவுணில் இருந்த திருஞானசம்பந்தம் பிள்ளைக்குச் சொந்தம். அதை மூன்று நெசவாளிகள் சேர்ந்து ஒத்திக்குப் பிடித்திருந்தார்கள். மொத்தமாக ஒரு தொகையைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. கெடு முடிந்ததும், தரையில் தோண்டிய தறிக்குழிகளை மூடி மெழுகிக் கொடுத்தால் தொகை அப்படியே திரும்பி வரும். அகமது மீரானுக்கு எழுத்துத் தெரியும் என்பதால் பத்திரம் அவர் பெயரில். கூடத்தில் ஆளுக்கொரு குழி, கூடத்தை ஒட்டி ஆளுக்கோர் அறை. முதல் குழி கோதருக்கு, நடுக்குழி அலிமாவின் புருஷன் நூகுவுக்கு, கடைசிக் குழி அகமது மீரானுக்கு.

இடையில் ஒருவன் விலகினால் பிள்ளை சல்லிக்காசு தரமாட்டார். அவன் குழியில் வந்து உட்காருகிறவன்தான் அவன் போட்ட பங்கைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். குழிப்பங்கு என்று அதற்குப் பெயர். நெசவாளர் தெருவில் பத்திரத்தைவிட அந்த வழக்கத்துக்கு மதிப்பு அதிகம். புது ஆள் வந்தால் பணம். வராவிட்டால் ஒன்றுமில்லை.

நூகுவின் பங்கு என்பது அலிமாவின் காதில் கிடந்த அலுக்கத்து நகையை விற்ற பணம். பங்குனியில் பேதி கண்டு அவன் தறிக்குழியிலேயே சாய்ந்தான். தூக்கிக் கட்டிலில் போட்டவர் அகமது மீரான். மையத்தைச் சுமந்த சந்தூக்கின் முன்கால் பிடித்துத் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

அலிமா இத்தா இருந்தாள். புருஷன் போனவள் நாலு மாதச் சொச்சம் வாசல் தாண்டக்கூடாது, அன்னிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பத்தமடையிலிருந்து வந்தபோது அவளே முடைந்து கொண்டுவந்த கோரைப்பாய்தான் இப்போது அறைவாசலில் திரையாகத் தொங்கியது. இத்தா முடிந்தால் பத்தமடைக்குத் திரும்ப வேண்டும். பங்குப் பணத்தோடு போனால் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பிடித்துத் தனியாகப் பாய்த்தறி போட்டுக்கொள்ளலாம். வெறுங்கையோடு போனால் மதினியின் அடுப்படியில் சாம்பல் அள்ளி, அவள் போடுகிறபோது தின்ன வேண்டும்.

அந்தப் பணத்துக்குத்தான் அகமது மீரான் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

"ஒண்ணு செய்யலாம் தங்கச்சி," என்றார் திரைக்கு வெளியே நின்று. "கடையநல்லூர்ல என் மச்சினன் இருக்கான்லா? அவன் வந்து அந்தக் குழியில உக்காரட்டும். சும்மா கெடக்கிற குழிதானே."

"பங்கு?"

"கையில காசில்லாத பய. அல்லா குடுக்கும்போது குடுப்பான்."

"அல்லா எப்பக் குடுப்பான் காக்கா?"

"அது அவனுக்குத்தானே தெரியும்!" என்று சிரித்தார்.

அலிமாவும் சிரித்தாள். அவள் மனதில் விஷம் ஊறத் தொடங்கியது அந்தச் சிரிப்பில்தான்.

கோதரின் பெண்சாதி மஹ்மூதா பீவி மத்தியானக் கஞ்சியை எடுத்துக்கொண்டு திரைக்குள் வந்தாள். வாய் ஓயாத பெண்; நல்ல மனசு. எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. அலிமா அவளிடம் முதலில் உண்மையைத்தான் சொன்னாள்.

"குழியில ஒண்ணுமில்ல மஹ்மூதா. எல்லாம் அவரு கட்டிவிட்ட கதை."

மஹ்மூதா கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுத் தாடையில் கை வைத்தாள். "பொய்யா இருந்தா நல்லதுதான் லாத்தா. ஆனா கருங்குளத்து ஆளு சொன்னான், பேட்டை ஆளு சொன்னான், இப்ப வீரவநல்லூருக்காரன் வேற சந்தையில நின்னு சொல்லுதானாம். இத்தன பேரும் இருக்குங்காவ. இல்லைங்கறது நீங்க மட்டுந்தான். உங்களுக்குப் பணம் வரணும். நீங்க இல்லைன்னுதானே சொல்லுவீய?"

அலிமா கஞ்சியைக் குடித்தாள். தேங்காய்த் துவையல் நன்றாக இருந்தது. கடைசி மடக்கை விழுங்குவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பொய்யை இல்லை என்று சொல்லிக் கொல்ல முடியாது. வளர்த்துத்தான் கொல்ல முடியும்.

நூகுவுக்கு இடதுகால் கொஞ்சம் ஊனம். தறி மிதிக்கும்போது மற்றவர்களுக்குத் தட், தட் என்று விழும். அவனுக்கு மட்டும் தட் என்று ஒன்று விழுந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பைய இன்னொன்று விழும். தெருமுனையில் வருகிறவன்கூட நூகு தறியில் இருக்கிறானா என்று காதால் அறிந்துகொள்வான். போன வருஷம் தேய்ந்துபோனதென்று அவன் கழற்றிப் போட்ட பழைய மிதிகட்டை அலிமாவின் துணிப்பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அவள் அறையின் பக்கச் சுவருக்கு அந்தண்டைதான் அகமது மீரானின் குழி.

திங்கட்கிழமை காலை. சாரல்காற்று ஓட்டுக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அகமது மீரான் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, குறுக்குநூல் அடைத்த நாடாவைக் கையில் எடுத்தார். நாடா ஓடியது. தட்.

சுவரடியில், மண்தரையில், அலிமா மிதிகட்டையால் பைய ஒரு தட்டுத் தட்டினாள்.

நாடா ஓடியது. தட். அதன் வாலில் இன்னொன்று.

தறி நின்றது. அவள் கையும் நின்றது.

"ஏலே கோதர், நீயா மிதிச்ச?"

"நான் இன்னும் பாவே பிணைக்கலையே காக்கா!"

மறுபடி தட். மறுபடி அதன் வால். அகமது மீரான் குழிக்குள் குனிந்து பார்க்கிற அரவம் கேட்டது. அன்று முற்பகலில் அவர் நெய்தது ஒரு முழம்கூட இருக்காது.

அலிமா தினமும் தட்டவில்லை. ஒருநாள் தட்டினாள். இரண்டு நாள் விட்டாள். அவர் மனம் தேறி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நெய்கிற நேரமாகப் பார்த்துத் திரும்பத் தட்டினாள். கை அவளுடையது, தாளம் நூகுவினுடையது. தட்டும்போது அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பசிக்குச் சாப்பிட்டது போல இருந்தது.

நாலாம் தடவை, தார் வாங்கக் கூடத்துக்கு வந்த மஹ்மூதாவின் காதிலும் அது விழுந்தது. அவள் திரையைக் கிழிக்காத குறையாக உள்ளே ஓடி வந்தாள். அதற்குள் மிதிகட்டை பாய்க்கு அடியில் போயிருந்தது.

"லாத்தா! கேட்டீயளா? அது நூகு மச்சான் மிதி!"

அலிமா ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"லாத்தா, உங்களத்தான். நடுக்குழியில ஆளே இல்லையே. சத்தம் மீரான் காக்கா குழியில இருந்துலா வருது?"

"நான் ஏட்டி சொல்லணும்? நான் இல்லைன்னா நீங்க நம்ப மாட்டியளே."

"அப்ப இருக்கு?"

"நடுக்குழியில ஒண்ணுமில்லைன்னு அன்னைக்கே சொன்னேன்." அலிமா நூல் முனையை நாக்கில் தொட்டு முறுக்கினாள். "இன்னைக்கும் அதைத்தான் சொல்லுதேன். நடுக்குழியில இல்ல."

மஹ்மூதா பீவி திரையை விலக்கிக் கடைசிக் குழிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிட்டது: நூகுவைப் பிடித்தது குழி மாறிவிட்டது, இப்போது அது அகமது மீரானின் காலடியில் இருக்கிறது.

அகமது மீரான் தெருத்தெருவாகப் போய் இல்லையென்று சத்தியம் செய்தார். யார் கேட்பார்கள்? இருக்கிறது என்று முதலில் சொன்னவரே அவர்தானே.

"நீருதானேவே சொன்னீரு, ஒரு மிதி மிதிச்சா அது ஒரு மிதி மிதிக்கும்னு?" என்று டீக்கடை இல்லாத அந்தக் காலத்தில் சுக்குத்தண்ணிக் கடை வாசலில் வைத்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

கடையநல்லூர் மச்சினன் வந்தான். கூடத்தை ஒரு பார்வை பார்த்தான். வைத்த பழைய சோற்றைக்கூடத் தின்னாமல் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனான்.

அடுத்த அடி தெருவில் விழுந்தது.

பாவு ஆற்றுவது ஒரு வீட்டு வேலை அல்ல. விடியலில் தெரு நீளத்துக்கு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தூரிகையால் நீவிக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. கூலி கிடையாது, கூப்பாடு கிடையாது. பாவு விரித்திருந்தால் தெரு இறங்கும்.

அன்று அகமது மீரான் விரித்த பாவுக்குத் தெரு இறங்கவில்லை.

அலிமா தெருப்பக்கச் சன்னல் இடுக்கில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவைக்கோல்களின் மேல் நூல் வெள்ளைவெளேரென்று ஓடிக் கிடந்தது. இந்த முனையில் அவர். அந்த முனையில் அவர் பெண்சாதி அக்தர் பானு, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு. நடுவில் ஆள் இல்லை.

"ஏலே உதுமான்! ஒரு கை கொடுலே!"

"இடுப்புப் பிடிச்சிருக்கு காக்கா."

"செய்யது! உன் பாவுக்கு நான் வரலையாலே?"

"வந்தீய. இல்லைங்கலை. அந்தப் பாவு உங்க குழிக்குத்தானே போகுது? தொட்ட கைக்கு என்ன ஆகுமோ. பிள்ளைய வச்சிருக்கேன் காக்கா."

ஆடிக்காற்று மேற்கே மலையிலிருந்து அவிழ்த்துவிட்டது போல வந்தது. கஞ்சி காய்ந்தது. நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. அவர் இங்கே நீவினால் அங்கே ஒட்டியது. அங்கே ஓடினால் இங்கே ஒட்டியது. வெயில் ஏறியபோது தெருவில் கிடந்தது பாவு அல்ல, கஞ்சி பிடித்த கயிறு. நூல் கொடுத்த முதலாளியின் ஆள் வந்து, மூக்கால் ஒரு மூச்சு விட்டு, "இந்தக் கணக்க முடிச்சிட்டு அடுத்த நூல் கேளும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அகமது மீரான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

போதுமா என்று அலிமா தன்னையே கேட்டுக்கொண்டாள். போதவில்லை.

அன்று மத்தியானம் மஹ்மூதா வரவில்லை. கஞ்சிச் சட்டியோடு வந்தவள் அக்தர் பானு. உள்ளங்கை நூல் அறுத்துச் சிவந்திருந்தது. சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நீ செஞ்சதுன்னு எனக்குத் தெரியும் அலிமா."

"உங்க வீட்டுக்காரரு செஞ்சதும் உங்களுக்குத் தெரியும் லாத்தா."

அக்தர் பானு சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "உப்புக் கூடப் போச்சுது. பாத்துக் குடி," என்று சொல்லிவிட்டுப் போனாள். அலிமா அந்தக் கஞ்சியை மட்டும் மடக்கு மடக்காக நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். ஆனாலும் குடித்து முடித்தாள்.

மாலையில் கோதர் அகமது மீரானிடம் குரலை உயர்த்தினான். பிறகு தணிந்து பேசினான். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். "காக்கா, பிள்ளத்தாச்சிப் பொம்பளைய வச்சுக்கிட்டு நான் இங்கன இருக்க முடியாது. எம் பங்கக் குடுத்துருங்க."

"ஆள கொண்டாலே. உன் குழியில உக்காருறவன் தருவான். வழக்கம் அதுதானே?"

"எவன் வருவான்? வாரவன எல்லாம் வெரட்டுனது யாரு?"

"வாய அளந்து பேசு மூதி!"

"நீங்க அளந்து பேசியிருந்தா இந்தக் கதி வருமா? நாளைக்கு ஜமாஅத்துல வைப்பேன். நடுக்குழிக்கு வந்த மூணு பேரையும் கூட்டியாந்து நிறுத்துவேன். யாரு என்ன சொன்னான்னு அவனுங்க சொல்லட்டும்."

கோதர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். திரைக்கு வெளியே செருமல் கேட்டபோது அலிமா ராட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"தங்கச்சி."

"சொல்லுங்க காக்கா."

"நீ ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். வீட்டுல ஒண்ணுமில்லைன்னு பள்ளிவாசல் லெப்பை முன்னால ஒரு வார்த்தை."

"அன்னைக்கு நான் அதைத்தானே சொன்னேன்? நீங்கதான் காலு நீலமாப் போச்சுன்னு சொன்னீய."

வெளியே கால் ஓரடி பின்னால் நகர்கிற அரவம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை தறி ஓடாது காக்கா. பாய் திரைதானே. சுவரில்லையே."

"ஷைத்தான் புத்தி தங்கச்சி. மன்னிச்சிரு."

"மன்னிக்கிறது பொறவு. முதல்ல எம் பங்கு. முழுசா. லெப்பை கையில குடுத்து, அவரு எங்கண்ணன் கையில குடுக்கணும். கோதரு பங்கும் அப்படித்தான்."

"ரெண்டு பங்குக்கு நான் எங்க போவேன்? பசுவ விக்கணும். பானுவோட பதக்கத்த விக்கணும்."

"எங் காதப் பாத்திருக்கீயளா காக்கா? அதுல கிடந்ததுதான் நடுக்குழி."

அலிமா திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நான் சொன்னா மட்டும் ஊரு நம்பாது. நீங்க நம்புதீயன்னு தெரியணும். தறி ஓடாத நாளுன்னாலும் ஜும்ஆ முடிஞ்சு எல்லாரும் பாக்க, நீங்களே அவரு குழியில எறங்கி உக்காந்து நெய்யணும்."

"நடுக்குழியிலயா?"

"ஏன் காக்கா? அங்கன ஒண்ணுமில்லையே."

பசு பேட்டைச் சந்தைக்குப் போனது. பதக்கம் டவுணுக்குப் போனது. லெப்பை இரண்டு பங்கையும் வாங்கிக் கொடுத்தார். கோதர் குடும்பம் அன்றைக்கே சாமான்களை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. அலிமா வார்த்தை தவறவில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, லெப்பை கேட்க, "இந்த வீட்டுல ஒண்ணுமில்ல," என்று சொன்னாள். முதல் நாளிலிருந்து அவள் சொன்ன உண்மை அது.

இத்தா முடிந்த மறு வெள்ளிக்கிழமை. வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு மூடிக்கொண்டு அலிமா முதல் தடவையாக அறைவாசல் தாண்டினாள். திரையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். வாசலில் பத்தமடை வண்டி நின்றது. அண்ணன் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் ஜும்ஆ முடிந்து வந்த கூட்டம். எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். குழிப்பக்கம் ஒருவரும் நெருங்கவில்லை.

அகமது மீரான் பிஸ்மி சொல்லி நடுக்குழியில் காலை இறக்கினார். காய்ச்சல் கண்டவர் ஆற்றில் இறங்குவதுபோல் இறக்கினார்.

அலிமா தறிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"வாரேன் காக்கா. பத்திரம் உங்க பேருல. மூணு குழியும் இப்ப உங்களுக்கே." குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அவரு இடதுகாலு பைய விழும். அவசரப்படுத்தாதீய."

அக்தர் பானு கதவோரம் நின்றாள். அலிமா கழுவி வைத்திருந்த கஞ்சிச் சட்டியை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வண்டி தெருவில் உருண்டது. பின்னாலிருந்து நாடா ஓடுகிற சத்தம் வந்தது. தட்.

அலிமாவின் மடியில் துணிமூட்டை இருந்தது. மூட்டைக்குள் நூகுவின் பழைய மிதிகட்டை இருந்தது. அவள் இரண்டு கைகளையும் அதன்மேல் அசையாமல் வைத்திருந்தாள்.

தட்.

மூன்றாவது மிதி விழவில்லை. காற்றுதான் வீசியது. கூடத்தில் அகமது மீரான் "நூகு மிதிலே!" என்று கத்துவதும், பலர் ஒரே நேரத்தில் தெருவுக்கு ஓடி வருவதும் கேட்டது.

அண்ணன் கயிற்றை இழுத்துப் பிடித்துத் திரும்பிப் பார்த்தான். "தறி ஏன் நின்னுட்டு?"

"நூல் அறுந்திருக்கும்," என்றாள் அலிமா. "நீ ஓட்டு."